தும்பித் தேரின் வலப்பக்கம்

நலம் பெருகுக. மழை பொய்க்காத கருங்கோட்டு நாட்டையும் அதன் பன்னிரண்டு மலையூர்களையும் காத்து நிற்கும் அரசன் பரிதிவேள், கடல் சூழ்ந்த நீர்முனை நாட்டின் அரியணையைத் தம் அண்ணன் மகளுக்காக ஏழு ஆண்டுகள் காத்துக் கொடுத்த தன் மனைவி காந்தள்தேவியாருக்கு எழுதும் திருமுகம். தங்கள் துறைகளில் கலங்கள் நிறையட்டும். தங்கள் உப்பு வயல்கள் வெயில் காணட்டும். சென்ற தை மாதம் முடிசூடிய இளம் அரசி தன் அத்தையின் சொல் கேட்டு நடக்கட்டும். கேட்காத நாட்களில் அத்தைக்குப் பொறுமை வாய்க்கட்டும்.

இவ்வோலையின் எழுத்துக்கள் கோணலாக இருப்பதற்குத் தேவியார் பொறுத்தருள வேண்டும். எழுத்தரை அனுப்பிவிட்டு நானே எழுதுகிறேன், அதுவும் இடக்கையால். காரணத்தைச் சொல்லத்தான் இந்த ஓலை.

நம் நாட்டு வழக்கத்தைக் கடற்காற்று மறக்கச் செய்திருக்கலாம் என்பதால் மீண்டும் எழுதுகிறேன். ஓடாத பந்தயத் தேரை இங்கே எவரும் கொட்டிலில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முழுநிலா நாளிலும், பொழுது சாய்வதற்குள், அவ்வீட்டார் ஒருவர் கையால் அது பந்தயப் பாதையை ஒரு முறையேனும் சுற்றி வர வேண்டும். சுற்றாத தேர், கேட்டு வருபவருக்குப் போய்விடும். அரசனுக்கும் இதில் விலக்கு இல்லை. ஆகவே இந்த ஏழு ஆண்டுகளும் நம் இரண்டு தேர்களையும் நானே ஓட்டி வந்தேன். முதலில் என் செம்பருந்து, பிறகு தங்கள் தும்பி.

தும்பி என்னோடு ஒருநாளும் நேராக ஓடியதில்லை. தாங்கள் நின்ற இடப்பக்கத்தில் நான் நின்றால் தேரின் தட்டு முழுவதும் அந்தப் பக்கமே சாயும். வலப்பக்கத்தில் நின்றாலோ கடிவாளம் எட்டாது. தச்சர் பெருங்கொற்றனாரை அழைத்து, தேவியாரின் தேர் பழுதாகிவிட்டது, வலப்பக்கம் ஒரு மணல்மூட்டை வையுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எவ்வளவு கனத்தில் என்று கேட்டார். தேர் நேராக நிற்கும் கனத்தில் என்றேன். அவரும் அப்படியே செய்தார்.

அன்று முதல் மணல்மூட்டையும் நானும் தும்பியில் போய் வந்தோம். வளைவு வருகிறது, பார்த்துக்கொள் என்று அதனிடம் நான் சொன்னதுண்டு. அரண்மனையில் எனக்கு எதிர் இருக்கையில் அமர்ந்து உண்பவர் எவரும் இல்லை. அமைச்சர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர்கள். மாதத்தில் ஒரு மாலை, இரண்டாவது தேரையும் பூட்டச் சொல்லும்போதுதான் வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல் இருக்கும்.

சென்ற முழுநிலா நாளில், கிழக்கு வளைவில், அந்த மூட்டை கிழிந்தது. பின்னால் மணல் கோடு போட்டுக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. தேர் இடப்பக்கம் சாய்ந்தது. வலக்கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றித் தொங்கியதில் தோள் பிசகியது. மருத்துவர் கட்டுப்போட்டுவிட்டு, இனி மாதத்துக்கு ஒரு தேர், ஒரு சுற்றுதான், இரண்டாவது வேண்டுமென்றால் அரசர் இன்னொரு தோளையும் கொண்டு வரட்டும் என்றார்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவையில் கேட்டேன். அமைச்சர் கீரனார் தயக்கமின்றிச் செம்பருந்து என்றார். நான்கு குதிரைகள் பூட்டியது, ஒன்பது முறை வென்றது, அதன் சிவப்பு அரக்குப் பூச்சு இன்றும் முகம் காட்டும். தும்பியோ இரண்டு குதிரைத் தேர், அச்சுக்கு நீர்முனை மரம் வேண்டும், மழை ஈரத்தில் கத்தும், போதாததற்கு அரசரையே தள்ளிவிட்டது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தேருக்கு உரியவரே அதைக் கேட்டு ஓர் ஓலை எழுதவில்லையே என்றும் சொன்னார். தென்வாயில் காவல் தலைவரின் மகள் குறிஞ்சி தும்பியைக் கேட்டிருந்தாள். சரி, கொடுங்கள் என்றேன்.

புதியவர் கைக்குப் போகும் தேரின் தோல்வாரை அவிழ்த்து, அவர் எடைக்கு ஏற்பத் தட்டை மீண்டும் பின்ன வேண்டும் அல்லவா? பெருங்கொற்றனார் அவிழ்க்கப் போகுமுன், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று கொட்டிலுக்குப் போனேன். தும்பியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் அடிப்பக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

இடப்பக்க வாரில் ஒன்பது முடிச்சுகள் இருந்தன. அந்தப் பக்கம் நிற்பவரைத் துலாத்தட்டில் நிறுத்து, எடைக்கல் ஒன்றுக்கு ஒரு முடிச்சு இடுவார்கள். ஒன்பது தங்கள் எடை, அது எனக்குத் தெரியும். வலப்பக்கத்தில் பதின்மூன்று இருந்தன. இது யாருக்கு என்று கேட்டேன். தச்சர் செம்பருந்தின் அடியைக் காட்டினார். அதிலும் பதின்மூன்று.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சினந்தேன். தச்சரும் சினந்து சொன்னார்: தேவியார் செம்பருந்தின் முடிச்சுகளைத் தாமே எண்ணி வந்து சொல்லிப் பின்னச் செய்த தேர் இது, அரசர் அறியாமல் இருப்பார் என்று நான் கண்டேனா. அரசர் தமக்குரிய இடத்தில் தம் எடைக்கு மணலை வைக்கச் சொன்னபோது, கணவன் மனைவிக்குள் என்ன வழக்கோ என்று வாயை மூடிக்கொண்டேன். தேர் ஓட்டத் தெரிந்த அரசருக்குத் தேரில் ஏறத் தெரியவில்லை என்றால் தச்சன் என்ன செய்வான் என்று கேட்டுவிட்டு உளியைத் துடைக்கலானார்.

காந்தள், இதற்கு மேல் தாங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

தும்பி புதிதாக வந்த மாலையில், ஒரு சுற்றுக்கு என் பக்கத்தில் வந்து நில்லுங்களேன் என்று நீ கேட்டாய். பிறர் ஓட்டும் தேரில் அரசன் நிற்பதில்லை என்றேன். நீ சரி என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தாய். விளையாட்டாகக் கேட்டாய் என்றே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். மறு ஆண்டு உன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, போய் வரட்டுமா என்றாய். போ என்றேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. பிறகு இங்கிருந்து உனக்கு வந்த ஓலைகள் எல்லாம் கீரனார் எழுதியவை. முடிசூட்டு வாழ்த்தும் அவருடையதே. அவற்றில் நான் இட்டது முத்திரை மட்டும். தேரைக் கேட்டு நீ எழுதவில்லை என்று அவர் சொன்னது மெய்தான். உன்னைக் கேட்டு நான் எழுதாததை அவர் சொல்லவில்லை, அமைச்சர் அல்லவா.

செம்பருந்தைக் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டேன். கேட்டதைவிடப் பெரியது கிடைத்ததில் அவளுக்கு வாயெல்லாம் பல். இன்று அவள் அதை ஓட்டிப் போனபோது நான் கொட்டில் வாசலில் நின்றேன். ஒன்பது வெற்றிகளும் என் முன்னே புழுதியாகப் போயின. வருந்துவேன் என்று நினைத்தேன், அவ்வளவாக இல்லை.

தும்பி கொட்டிலில் தனியாக நிற்கிறது. முடிச்சுகளை எவரும் அவிழ்க்கவில்லை. பங்குனி முழுநிலாவுக்கு இன்னும் இருபத்திரண்டு நாட்கள் உள்ளன. அன்றும் நான் அதை ஓட்டப் போவதில்லை. மருத்துவர் அனுமதித்த அந்த ஒரு சுற்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுவதற்கு எவரும் வராவிட்டால், வழக்கப்படி அதுவும் இந்த வீட்டை விட்டுப் போகும். போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, மனம் இல்லை. நீர்முனை நாட்டில் என் ஆணை செல்லாது. உன்னிடம் அது எங்கும் சென்றதில்லை. ஆகவே கேட்கிறேன். வந்து ஓட்டுவாயா?

இனி வருவது என் நாட்டாருக்கு இடும் ஆணை. பங்குனி முழுநிலா வரை கிழக்கு வாயில் பகலில் அடைக்கப்படாதிருக்க. பந்தயப் பாதையில் கல் பொறுக்கி நீர் தெளிக்க. தும்பியின் அச்சுக்கு நாள்தோறும் எண்ணெய் இடுக. அதன் வலப்பக்கத்தில் இனி எவரும் மணல்மூட்டை வைக்கலாகாது. அது அரசன் நிற்கும் இடம்.

மாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், கருங்கோட்டு அரண்மனைத் தேர்க்கொட்டிலில் இருந்து, பரிதிவேள் தன் கையால் எழுதி யானை முத்திரை இட்டது. முத்திரையும் சற்றுக் கோணலே, இடக்கை.