பிரிவு 4.7, தாடி

ஜூலை 6, திங்கள்

வெயில். பத்து மணிக்கே தரை சுட்டது. மின்சாரம் இரண்டு முறை போனது.

செய்ய வேண்டியவை: கதிருக்குச் சொட்டு மருந்து (தீர்ந்துவிட்டது). கையுறை அளவு அட்டவணை. நளினி மேடத்துக்கு மெயில். ஊறவைத்த துணி அப்படியே.

விஷவாயு கசிந்தால், அமிலம் கொட்டினால் முதலில் உள்ளே போகிறவர்கள் எதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்? நாடு முழுவதற்கும் ஒரே வழிகாட்டி. முடிவு செய்கிறவர்கள் தில்லியில். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, ஒப்பந்தத்தில், வீட்டிலிருந்து வேலை செய்யும் எனக்கு முகமூடி அத்தியாயமும் கையுறை அட்டவணையும் மட்டும். எழுதிச் சென்னையில் இருக்கும் ந.மே.க்கு அனுப்ப வேண்டும். அவர் தில்லிக்கு.

உடுப்பெல்லாம் ஆறடி ஆளுக்கு. உஷ்ணச் சோதனை ஏ.சி. அறையில். ஒரு நிலையத்திலிருந்து வந்த கருத்து, பென்சிலில்: "பூட்ஸ் பெரிசு. ரெண்டு சாக்ஸ் போட்டோம்." 'பயனர் திருப்தி' கட்டத்தில் இதற்கு எந்த எண்ணைப் போடுவது?

4.7 முடித்தேன். தாடி இருந்தால் முகமூடியின் ரப்பர் தோலோடு ஒட்டாது, வாயு உள்ளே வரும். தாடி வைத்தவருக்குத் தலை முழுக்க மூடி, காற்றை உள்ளே தள்ளும் வகை தர வேண்டும். அது இல்லாத நிலையத்தில் அவரை உள்ளே அனுப்பக் கூடாது. நான்கு வரி, மூன்று நாள் வேலை.

எழுதும்போது எதிரில் இவர், தாடியைச் சொறிந்துகொண்டு. இவர் இங்கே தீயணைப்பு நிலையத்தில்தான். தாடி என் வேண்டுதல். கதிர் பிறந்து மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, திருத்தணி முருகா, ஆடிக் கிருத்திகைக்கு முதல் மொட்டை, அதுவரை அப்பன் முகத்தில் கத்தி படாது என்று சொல்லிவிட்டேன். இவரைக் கேட்கவில்லை. இன்னும் ஒரு மாதம்.

ஜூலை 7, செவ்வாய்

4.7-ஐ அடித்துவிட்டார்கள்.

ந.மே. போனில்: "பாரும்மா, தாடின்னாலே சென்ட்டிமென்ட். தில்லியில பயப்படறாங்க. அதோட உங்க காஞ்சிபுரம் ஸ்டேஷன் மாஸ்க் டெஸ்ட் ரிசல்ட் இப்பதான் நேரா அங்க வந்திருக்கு. அதுல ஒரு தாடிக்காரர் பாஸ். அப்புறம் விதி எதுக்குன்னு கேக்கறாங்க."

ரிசல்ட் தாளை அனுப்பச் சொல்லி, வாங்கிப் பார்த்தேன். பெயர் இல்லை, எண் மட்டும். 6: தாடி, தேர்ச்சி. 9: தாடி, தோல்வி. அந்த நிலையத்தில் தாடி இரண்டே பேருக்கு. இவருக்கும், மனைவி மாசமாக இருப்பதால் சவரம் செய்யாத ஜனாவுக்கும்.

சோதனை சுலபம். முகமூடியோடு தலைக்குப் பிளாஸ்டிக் கூடு. கூட்டுக்குள் வாழைப்பழ வாசனை எண்ணெய். வாசனை வந்தால் வருகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் தோல்வி.

"நான் பாஸ்மா" என்றார் இவர். "ஜனாவுக்குத்தான் பழ வாசனை வந்துச்சாம். அவன் எப்பவும் தீனி நெனப்புலயே இருக்கறவன்."

சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷம்கூட. வேண்டுதலும் தப்பியது, இவரும் தப்பினார். பாத்திரம் தேய்க்கும்போதுதான் எரிச்சல். யாரோ ஒருவர் பாஸ் என்று நான்கு வரியைத் தூக்கிவிடுவதா? அந்த யாரோ என் வீட்டில்!

சொட்டு மருந்து மறந்துபோனது.

ஜூலை 8, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

தென்னேரி பக்கம் ஒரு தண்ணீர் ஏற்றும் இடத்தில் குளோரின் சிலிண்டர் கசிவு. மத்தியானம் ஜனா பைக்கில் இவரைக் கொண்டுவந்து விட்டார். கண் சிவப்பு. இருமல்.

"அண்ணி, பயப்படாதீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டோம், ஒண்ணும் இல்லியாம். நான் ஃபெயிலான கேஸு, வெளியில ஓஸ் பைப்பைப் புடிச்சிக்கினு நின்னேன். பாஸான ஹீரோதான் உள்ள போய் வால்வை மூடிட்டு வந்தாரு."

"முகமூடி போட்டிருந்தீங்கதானே?"

"போட்டிருந்தேன். நீ ஆரம்பிக்காதே."

கதிர் அந்த இருமலைத் திருப்பி இருமிக் காட்டிச் சிரிக்கிறான்.

ஜூலை 9, வியாழன்

பயன்படுத்தும் முறை எழுதுவதற்காகச் சோதனைப் பெட்டி ஒன்று, முகமூடியும் கூடுமாக, வீட்டிலேயே இருக்கிறது. வாழைப்பழ எண்ணெய் தவிர இன்னொரு குப்பியும் உண்டு. கசப்புக் கரைசல், புகை போல அடிப்பது. வாசனை வரவில்லை என்று சொல்லிவிடலாம். கசப்புக்கு முகம் பொய் சொல்லாது.

"மாஸ்கைப் போடுங்க."

"வீட்டுலயுமா? இன்னா வெளையாட்டு இது?"

போட்டார். கூட்டை மாட்டினேன். மூன்று தடவை அடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் முகம் முழுக்கச் சுருங்கியது. கதிர் கைதட்டிச் சிரித்தான், அப்பா தனக்காகச் செய்து காட்டுகிறார் என்று.

"த்தூ! வேப்பெண்ணெய் மாதிரி இருக்குது!"

"அன்னிக்கு வாழைப்பழம் வந்துச்சா, இல்லியா?"

கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வந்துச்சு. சொன்னா ஷேவ் பண்ணுன்னுவாங்க. புள்ளைக்குச் சளி புடிச்சாலே நீ திருத்தணி பக்கம் திரும்பிக் கும்புடறவ. நான் மழமழன்னு வந்து நின்னா, அடுத்த ஜொரத்துக்கு நீ இன்னா ஆவே?"

கத்த மட்டும் வந்தது. ஷேவ் பண்ணுங்க என்றேன். ஒரு மாசம்தானே, மாட்டேன் என்றார்.

ஜூலை 10, வெள்ளி

வழிகாட்டிக்குக் கருத்து அனுப்பக் கடைசி நாள்.

"ஆறாம் நம்பர் தப்பு, மேடம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் வீட்டுக்காரர்."

ந.மே. குரலைத் தாழ்த்தினார். "இதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கோ. எழுத்துல வந்தா உன்னை அந்தச் சாப்டர்லருந்து தூக்கிடுவாங்க. அவருக்கும் மெமோ வரும். எத்தனை மாச உழைப்பும்மா!"

எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாதா?

இவரிடம் கடைசியாக ஒன்றுதான் சொன்னேன். "4.7 இல்லேன்னா அடுத்த தடவை ஜனாவையும் உள்ள அனுப்புவாங்க. நீங்க பாஸானதைக் காட்டியே அனுப்புவாங்க. அவர் பொண்டாட்டிக்கு இது அஞ்சாம் மாசம்."

தட்டைத் தள்ளி வைத்தார். "எழுது. கீழ நானே கையெழுத்துப் போடறேன்."

எழுதினோம். ஐந்து மணிக்குள் அனுப்பியாயிற்று.

பிறகு திருத்தணி பக்கம் திரும்பி நின்றேன். முருகா, தாடிக்குப் பதில் என் முடி. பூமுடி இல்லை, முழு மொட்டை. அதே ஆடிக் கிருத்திகை. ஒத்துக்கொண்டானா தெரியவில்லை. அவனுக்கு மட்டும் கடைசி நாள் கிடையாது.

ஜூலை 11, சனி

ந.மே. மெயில், இரண்டு வரி. முகமூடி அத்தியாயம் வேறொருவருக்கு. 4.7 'மறுபரிசீலனையில்'. அவ்வளவுதான். இனி எனக்குக் கையுறை மட்டும்.

சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

இவர் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தார். நான் கண்ணாடி பிடித்தேன்.

"நேரா புடிமா, காது போயிடப் போவுது."

கதிருக்கு அடையாளமே தெரியவில்லை. வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இவர் கூப்பிடக் கூப்பிட அழுகை ஏறியது. வேறு வழியில்லாமல் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அழுகை நின்றது. நானும் கூட்டை மாட்டி, கசப்பை அடித்தேன். மூன்று தடவை. இன்னும் மூன்று.

கதிர் இரண்டு கையையும் தட்டத் தூக்கியபடி, அப்பா முகம் சுருங்குவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தான்.