மிஷினில் ஒரு சந்தனப் பொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

சிங்கப்பூரில் நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நேற்று ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு வேடிக்கை. நம் கம்பெனியின் மலேசியத் தொழிற்சாலைகளில் எதை வியட்நாமுக்கு மாற்றலாம் என்று லண்டன் மேலாளர் படங்கள் காட்டினார். சுங்கை பட்டாணித் தொழிற்சாலைப் படத்தில் நீங்கள் வேலை செய்யும் மிஷினும் வந்தது. போன வருஷம் ஆயுத பூசைக்கு நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

"அது என்ன கறை?" என்றார்.

"கறை இல்லலா, எங்கம்மா வெச்ச பொட்டு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பயப்படாதீர்கள். அடுப்படியைப் பெரிதாக்கும் வேலையை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

மேலாளர் கூப்பிடுகிறார். இந்த ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்ததும், சூப்பர்வைசரிடம் கேட்டு, மிஷின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தினி