இணைச்சீருக்கு முன் ஒரு திருத்தம்

கிணத்துக்கடவு,
டிசம்பர் 2

அன்புள்ள ரித்திகா கண்ணுக்கு, அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா. நம் குடும்பத்துக்கு அரசியல் சாசனம் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தென்னைநார் ஆலையில் நாளைக்குச் சண்டை வரக்கூடாதென்று உன் சித்தப்பா லட்சுமணசாமி கோயமுத்தூரிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார். நாட்டுச் சாசனம் நவம்பர் இருபத்தாறில் ஏற்கப்பட்டு ஜனவரி இருபத்தாறில் அமலுக்கு வந்ததாம், நம்முடையதும் அதே தேதிகளில்தானாம். நாட்டுச் சாசனம் எழுதியவர்கள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் உட்கார்ந்து பேசினார்கள், நம் ஆண்கள் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். அவர்கள் பல நாட்டுச் சட்டங்களைப் படித்து வேண்டியதை எடுத்தார்கள், இவர்கள் அவிநாசி நூல்மில் குடும்பம் ஒன்றின் சட்டத்தை வாங்கிப் பெயரை மாற்றினார்கள். ஓரிடத்தில் மாற்ற மறந்ததில் நம் ஆலைக்குப் பருத்தி கொள்முதல் விதி ஒன்று கிடைத்திருக்கிறது.

"இக்குடும்பத்தினராகிய நாங்கள்" என்று உன் அப்பா முகவுரையை வாசித்தபோது நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். மணமாகிப் போன பெண்கள் சிறப்பு அழைப்பாளர்கள், ஓட்டு கிடையாது என்பது ஐந்தாம் விதி. அதற்குக் கை தூக்கியவர்களில் உன் தம்பி சுரேந்தரும் உண்டு. ராட்டர்டாமில் இருந்துகொண்டு ஆலைக்கு முக்கால்வாசி ஆர்டர் பிடித்துத் தருபவள் நீ. அந்த நாளிலேயே அரசியல் நிர்ணய சபையில் பெண்களும் இருந்தார்களே என்று கேட்டேன். சித்தப்பா மரியாதையாகத்தான் சொன்னார், "அது நாடுங்க அண்ணி, இது ஊடுங்க. கட்டிக்குடுத்த புள்ளைக்கு ஓட்டெதுக்குங்க, விருந்தாளியா வந்துபோட்டுப் போகட்டுமுங்க" என்று. சரிங்க, தை மாசம் சுரேந்தர் கல்யாணத்தில் இணைச்சீருக்கும் விருந்தாளி யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூடப்பிறந்தவள் பக்கத்தில் இருந்து அந்தச் சீரைச் செய்யாமல் நம்மவர் வீட்டில் தாலி ஏறுமா. உன் அப்பா மோட்டார் ஓடுகிறதா பார்க்கிறேன் என்று தோட்டத்துக்குப் போனார், அது மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரமே இல்லை. ஆலோசகர் மட்டும், இணைச்சீர் எந்த விதியில் வருகிறது என்று தாள்களைப் புரட்டினார்.

இன்று காலை சுரேந்தர் அடுப்படிக்கு வந்து, "அக்கா இல்லாம நான் மணையில உக்கார மாட்டனுங்கம்மா" என்றான். அதை என்னிடம் சொல்லி என்ன, கை தூக்கிய இடத்தில் போய்ச் சொல் என்று அனுப்பினேன். போயிருக்கிறான்.

நாட்டுச் சாசனத்துக்கே முதல் திருத்தம் ஒன்றரை வருஷத்தில் வந்தது, நம்முடையதற்கு முகூர்த்தத்துக்குள் வந்தாக வேண்டும். அப்பா போனில் கெஞ்சினால் இளகிவிடாதே, உனக்கு அந்தக் குணம் உண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, கண்ணுக்குள்ளேயே இருக்கிறாய். ஆனாலும் நான் சொல்லும்வரை டிக்கெட் போடாதே.

இப்படிக்கு,
மருமகள்களைப் பற்றி ஒரு விதியும் இல்லாத அந்தச் சாசனத்தில் அழைப்பாளராகக்கூட இல்லாத
உன் அம்மா
குழந்தையம்மாள்