ரீச்சரின் காருக்கு எந்த ஹெட்

அச்சுவேலி,
ஆடி 9

என் அன்பு மகள் தக்சாயினிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் இடைக்கிடை தொந்தரவு செய்கிறது. மெல்பேர்ண் குளிருக்குள் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், ஆனால் உன் இருமல் இன்னும் விடவில்லை போலத் தெரிகிறது, மல்லித்தண்ணி வைத்துக் குடி. இந்த விசயத்தை வட்ஸ்அப்பில் சொல்ல மூன்று தரம் எடுத்தேன், உன் முகத்தைக் கண்டதும் வேறு எதையோ கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு உதயகலா வியாழக்கிழமை அங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுவேன்.

இணுவில் சிவகௌரி ரீச்சரின் பழைய கொரோலா உனக்கு நினைவிருக்கும். தினமும் அதில்தான் பருத்தித்துறைக்குப் படிப்பிக்கப் போய் வருகிறார், வருடத்தில் ஒரு நாள் மலைநாட்டில் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டியிலும் ஓட வேண்டும் என்பது அவரின் ஆசை. தை மாதம் அந்த எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் இரண்டின் படங்களை, எஞ்சினியர் பிள்ளை என்று உனக்கு அனுப்பினேன், ஒன்றில் காற்றுப் போகும் துளைகள் பெரியவை, மற்றதில் சின்னவை. நீ குரல்பதிவில் சொன்னது இவ்வளவுதான். “அப்பா, அந்தக் கார் வருசத்திலை ஒரு நாள் போட்டிக்குப் போகும், இருநூறு நாள் பள்ளிக்கூடம் போகும். சின்னத் துளை ஹெட்டைப் போடுங்கோ.” எங்கடை றோட்டைப் பற்றி நீ அங்கையிருந்து எனக்குச் சொல்லாதை என்று பதில் அனுப்பினேன். நீயும் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவன் என்ற திமிர் எனக்கு. பெரிய துளையால் கூடக் காற்றுப் போகும், கூடக் காற்றுப் போனால் கூட இழுவை, இதற்கு மேல் என்ன படிப்பு என்று நமசிவாயத்தின் உதிரிப்பாகக் கடையில் நின்று உன் கதையைச் சொல்லிச் சிரித்தும் விட்டேன். ரீச்சரும் அப்போது அங்கேதான் நின்றார்.

பெரியதையே பூட்டினேன். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கார் பறந்தது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மெதுவாக ஓடும்போது இழுக்குதில்லை என்று ரீச்சர் இரண்டு முறை வந்து சொன்னார், ஓடி ஓடிப் பழகினால் சரிவரும் என்று அனுப்பிவிட்டேன். சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று காலை, நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிப் போன லொறியை முந்துவதற்காகக் காரை வெளியே எடுத்திருக்கிறார், எதிரே பஸ் வந்துவிட்டது. பஸ்காரன் வெட்டி ஒதுக்கியபடியால் உயிர் தப்பியது. கார் வாழைத்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது, ரீச்சருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் போனோம். ரீச்சர் என்னைப் பார்த்து, “நான் மிதிச்சனான் அண்ணை, கார் போகேல்லை” என்றார். கியரைக் குறைத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, நல்ல காலம் சொல்லவில்லை.

காரின் முன்பக்கத்தைத் திருத்தி முடித்த பிறகு நான் தனியே அதை நீர்வேலிக்குக் கொண்டு போனேன். அதே இடத்தில், மூன்றாம் கியரில், அவர் மிதித்தது போல மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், அதுவரை எஞ்சின் மூச்சு முட்டிக்கொண்டிருந்துவிட்டு அதற்குப் பிறகுதான் பாய்ந்தது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்குப் பெரிய துளையில் காற்று வேகமில்லாமல் போகிறது, சிலிண்டர் ஒழுங்காக நிரம்பவில்லை. நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த மூன்று விநாடியில்தான் விளங்கியது.

அங்கிருந்து நேரே இணுவிலுக்குப் போய், பிழை உங்களில் இல்லை, என்னில்தான், அந்த ஹெட்டை நானே கழற்றுகிறேன் என்று ரீச்சரிடம் சொன்னேன். வேறு கராஜுக்குப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “கழட்டுங்கோ. ஆனா இந்தமுறை உங்கடை மகள் சொன்னதைச் செய்யுங்கோ” என்றார்.

தை மாதம் படம் அனுப்பிய சின்னத் துளை ஹெட் அதற்குள் விற்றுப்போய்விட்டது, வேறொன்று தேடி எடுப்பதும் லேசாக இருக்கவில்லை. முதலில் வந்ததில் இரண்டு வால்வுக்கு நடுவே மயிரளவு வெடிப்பு, மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், உடனே திருப்பி அனுப்பினேன். இரண்டாவது கொழும்பிலிருந்து வந்தது. மருந்துக்கடையில் ஊசிக்குழல் வாங்கி, ஹெட்டில் பெற்றோல் எரியும் நாலு குழிகளுக்குள்ளும் எண்ணெய் விட்டு அளந்தேன், ஒரு குழி ஒன்றரை மில்லிலீற்றர் குறைவாகப் பிடித்தது. நாலும் ஒரே அளவாக வரும் வரை இரண்டு நாள் தேய்த்தேன். ஹெட்டின் அடியை இன்னும் கொஞ்சம் சீவினால் இழுவை கூடும் என்ற ஆசை வந்தது, ஆனால் இங்கே கிடைக்கும் பெற்றோலுக்கு எஞ்சின் தட்டத் தொடங்கும் என்று அதோடு நிறுத்தினேன். போன சனிக்கிழமை ரீச்சர் கை சுகமாகி வந்து காரை ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். நீர்வேலி கடந்ததும் வீதி வெறுமையாக இருந்தது, என்னைக் கேட்காமலே மிதித்தார், மிதித்த மாத்திரத்தில் கார் போயிற்று. மேல் வேகத்தில் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான், அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஆவணிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். நீ அந்த எஞ்சினியர் வேலையை விட யோசிப்பதாகவும், அங்கே உனக்கு மேலே இருக்கும் பெரியவன் உன் சொல்லை எடுப்பதில்லை என்றும் அம்மா சொன்னா. விடுவதும் இருப்பதும் உன் முடிவு, நான் மறிக்க மாட்டேன். ஆனால் உனக்கு வேலை தெரியாது என்று நினைத்து மட்டும் விடாதே. உனக்குத் தெரியும். உன்னைப் பெற்ற நானே உன் சொல்லை எடுக்கவில்லை, அதனால் ரீச்சரின் கை முறிந்தது. நீ அன்றைக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். இனி அப்படி இராதே, எழுத்தில் கொடு, மறுபடி சொல், நான் என்றாலும் சரி, உன் பெரியவன் என்றாலும் சரி. என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு, உன் காரின் பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடமாகிறது, இந்தக் கிழமையே மாற்று. முருகன் உனக்குத் துணை நிற்பான், நீ எடுத்த காரியம் எல்லாம் நன்றாக வரும். சுன்னாகத்திலிருந்து ஒருவர் புதிதாக ஒரு எஞ்சின் கொண்டுவந்து தந்திருக்கிறார், இதுவும் போட்டிக்கு ஓடும் காரினுடையதுதான். அளவுகள் எல்லாம் இதோடு வைத்திருக்கும் மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். எந்த ஹெட் என்று நீ சொல், அதுவரை ஒரு போல்ட்டும் இறுக்க மாட்டேன்.

உன் அன்புள்ள அப்பா,
சி. பஞ்சலிங்கம்