தண்ணீர்த் தொட்டிக்கு எவர்சில்வர்தான்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பா, நான், கடை, மூவரும் மூச்சோடு இருக்கிறோம். நீயும் உன் கப்பலும் ஆடாமல் அசங்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், அப்புறம் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுதாகப் படி. கோபம் வரப்போகிற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குப் போகுமுன் நீ செய்து கொடுத்த, இரும்புத் தகடு வெட்டுகிற பிளாஸ்மா மேசை இருக்கிறதே, அதன் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டேன். "தொடாதே, நான் வந்து பாத்துக்கறேன்" என்று நீ சொன்னது மறந்துபோய்ச் செய்ததில்லை. தெரிந்தேதான் தொட்டேன்.

உன் பெரியப்பா தன் பாணியில் உனக்கு எல்லாவற்றையும் ஓதியிருப்பார், இப்போது என் பாணியில் கேள். அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும், நெஞ்சு டாக்டர் அந்தப் புகையிலும் இரும்புத் தூசியிலும் நிற்கவே கூடாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து தகட்டை வெட்டுகிற டார்ச் என் பொறுப்பு. ஜன்னல் கிரில்லிலிருந்து பெயர்ப்பலகை எழுத்து வரை நான்தான் வெட்டுகிறேன், யாரும் கோணல் என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஆனால் அப்பா என்ன செய்தார் தெரியுமா, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எதிர்ச்சாரியில் பஸ் நிற்கிற இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கடையையே யாருடைய கடையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வரும், போகும், அவர் ஏறமாட்டார். கண்டக்டர்களுக்கே அவர் முகம் பழகிவிட்டது. இதற்கு நடுவில் மாடியிலிருக்கும் பல் டாக்டரம்மா தன் வெள்ளைத் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்துக் காட்டினார், அதில் கறுப்பாகப் பொடி. அவர் மேல் தப்பில்லை, வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற நோயாளிமேல் நம் இரும்பு விழக்கூடாதுதான். கட்டிட உரிமையாளர், புகையை நிறுத்துங்கள் இல்லையென்றால் மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார். பெரியப்பா அதற்கே காத்திருந்தவர் மாதிரி மறுநாளே இயந்திரத்தை வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், சந்தை மாடு மாதிரி பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். அப்பா அதையும் பெஞ்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் அன்றைக்குப் போனில், "வித்துடும்மா, நான் அனுப்பறது போதும்ல" என்றாய். போதும்தான் கண்ணா, வயிற்றுக்குப் போதும். நான் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆளிடம் இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். பெரியப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

டார்ச்சுக்கு முனை வாங்கப் போகிற பெரிய பட்டறையில் பார்த்துவைத்திருந்தேன், வெட்டுகிற தகட்டுக்கு அடியிலேயே தண்ணீர் நிற்கும், பொறியும் பொடியும் தண்ணீரில் விழுந்து அடங்கிவிடும், பெரும்பாலான புகையும் அங்கேயே செத்துவிடும். நம் மேசைக்கும் அப்படி ஒரு தொட்டி வேண்டும் என்றபோது நீ, தண்ணியும் கரண்டும் ஆகாது என்று ஒரு பாட்டம் திட்டினாய். நியாயமான பயம், அதனால் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மேசை, தொட்டி, இயந்திரம் மூன்றுக்கும் சரியாக எர்த் போட்டாகிவிட்டது. அடுத்து, செய்வதானால் சாதா இரும்பில் செய்து பெயின்ட் அடி, கப்பலே அப்படித்தான் மிதக்குது என்றாய். நல்லது, அந்தக் கப்பலில் உனக்கு என்ன வேலை என்று யோசித்துப் பார். காலையிலிருந்து மாலை வரை துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறாய், மறு ஓரம் போய்ச் சேர்வதற்குள் இந்த ஓரம் துருப்பிடித்துவிடுகிறது என்று நீதானே புலம்பினாய். சம்பளத்துக்குச் சுரண்ட எனக்கு நீ இங்கே இல்லையே, நான் யாரை வைத்துச் சுரண்டுவது.

அப்பாவோ துத்தநாகம் பூசிய தகடு போதும், வாளியெல்லாம் அதில்தானே வருகிறது என்றார். பழைய இரும்புக்காரர், அதுதான் எப்போதும் கழுத்தில் காந்தம் தொங்கவிட்டிருப்பாரே அந்தக் காந்தக்காரர், அலுமினியம் எடுத்துக்கம்மா, துருவே பிடிக்காது, தூக்கவும் லேசு என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், நான் யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வாளியில் நம் கடைத் தூசியைக் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் துண்டும் அதோடு ஒட்டினாற்போல் ஓர் இரும்புப் பட்டையும் போட்டுக் குளியலறைக்குப் பின்னால் வைத்தேன். தொட்டிக்குள் தகட்டைத் தாங்குகிற பட்டைகள் எப்படியும் சாதா இரும்புதான், டார்ச் அதையும் சேர்த்தே தின்னும், அடிக்கடி மாற்றுகிற பொருளுக்கு விலை கொடுப்பது வீண். தொட்டிதான் நிற்க வேண்டும். அதனால் இரும்போடு சேர்ந்து ஊறினால் எது தாங்கும் என்றுதான் பார்த்தேன். அப்பா தினம் குளிக்கப் போகும்போது வாளிகளை எட்டிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். கடைசியில் எடுத்தபோது பெயின்ட் அடித்த இரும்பு, கீறின இடத்திலெல்லாம் கொப்பளித்து உரிந்தது. துத்தநாகத் தகட்டில் வெள்ளையாகப் பூத்து, வெட்டிய ஓரங்களில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அதை வெல்டிங் செய்தால் வருகிற புகை வேறு ஆகாது, அப்பா நெஞ்சுக்காகச் செய்கிற தொட்டி அதே புகையில் பிறக்க வேண்டுமா. அலுமினியம் துருப்பிடிக்கவில்லை, உண்மைதான், ஆனால் இரும்பு தொட்ட இடத்தில் எறும்பு அரித்த மாதிரி குழி குழியாக இருந்தது. நாலாவது எவர்சில்வர். அதிலும் பழுப்பாக ஒரு கறை. "பாத்தியா, இதுவும் பிடிச்சிருச்சு" என்றார் அப்பா, எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து. நான் கட்டைவிரலால் துடைத்தேன், கறை கையோடு வந்துவிட்டது. அது பட்டையின் துரு, தகட்டின் துரு இல்லை. அடுப்படியில் இத்தனை வருஷம் எவர்சில்வர் பாத்திரம் தேய்த்தவள் நான், எது கறை எது துரு என்று எனக்குத் தெரியாதா.

புதுத் தகடு கேட்டால் விலையைச் சொல்லும்போதே கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் மூடிப்போன பால் பண்ணை ஒன்றின் குளிரூட்டும் தொட்டி காந்தக்காரரிடம் வந்தது, நல்ல கனமான தகடு, சூட்டில் சட்டென்று வளையாது. அதைப் பிரித்து வெட்டுகிற வேலையைத் திறந்த வெளியில், நல்ல முகமூடி போட்டுக்கொண்டு, அப்பாவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் செய்தேன், அதன் புகையும் லேசுப்பட்டதில்லை. வெல்டிங்குக்கு நம் பீரங்கியைத்தான் கூப்பிட்டேன், உனக்குத்தான் தெரியுமே, குரல் அப்படி, வேலையும் நன்றாகத்தான் செய்வார். ஆனால் சாதா இரும்புக்கான வெல்டிங் ராடை வைத்தே ஒரு மூலையை ஒட்டிவிட்டார். எவர்சில்வர் ராடு வேண்டாமா என்றதற்கு, "ஒட்டினா ஒட்டும், சும்மா இரும்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நானும் சும்மா இருந்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். தண்ணீர் நிரப்பிய சில நாளில் அந்த மூலையில் மட்டும் கோடு போட்ட மாதிரி துரு இறங்கியது. கிரைண்டரை எடுத்து முழு மூலையையும் நானே அரைத்து எடுத்தேன். மறுபடி கூப்பிட்டதும் பீரங்கி வந்தார், கோபத்தோடுதான் வந்தார், நான் சரியான ராடைக் கையில் கொடுத்து, இதைத் தவிர வேறெதுவும் என் தொட்டியைத் தொடக்கூடாது என்றேன். அவர் பேசாமல் ஒட்டியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு தொட்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துத் தண்ணீர் நிரப்பினேன், விடிந்து பார்த்தால் தாள் மொடமொடவென்று காய்ந்தே இருந்தது.

முதல் வெட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. தகட்டை வைத்து, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, டார்ச்சை ஓடவிட்டேன். சத்தம் கூடக் குறைந்துவிட்டது, புஸ்ஸென்று ஆவி வந்தது, பழைய கரும்புகை வாசல் வரை போகவே இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், எதிர்ப்பெஞ்ச் காலியாக இருந்தது. எங்கே போனார் என்று பயந்து திரும்பினால், பின்னால் நிற்கிறார், முகமூடி போட்டுக்கொண்டு. எப்போது தெருவைக் கடந்தாரோ. இயந்திரம் நின்றதும் தண்ணீருக்குள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்தார். உடனே கையில் எடுக்கிற அளவுக்கு ஆறியிருந்தது, அதற்கே ஒருதரம் வியந்தார். அப்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடியில உருகின கசடு நிக்குது பாரு, டார்ச் ஓடுற வேகம் சரியில்ல, இத்தனை நாளா இப்படித்தான் வெட்டிக்கிட்டிருந்தியா" என்று என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் திட்டினார், கண்ணா.

இப்போது தினம் கொஞ்ச நேரம் உள்ளே வருகிறார், மின்விசிறி ஓட, முகமூடியோடு, டாக்டர் போதும் என்று சொன்ன அளவுக்கு மட்டும். அதற்கு மேல் நின்றால் நானே வெளியே துரத்துகிறேன். பல் டாக்டரம்மா திரையைத் துவைத்து மறுபடி மாட்டியிருக்கிறார், கட்டிட உரிமையாளர் மாதக் கடைசியில் வந்து வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நீ சொன்ன ஒன்றை மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன், அலுமினியத் தகட்டை இந்தத் தண்ணீரின்மேல் வெட்டவே மாட்டேன், வாயு சேர்ந்து வெடிக்கும் என்றாயே, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ செய்த மேசையை அறுத்ததற்கு வருத்தம் உண்டு, மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இல்லை. ஊருக்கு வரும்போது இயந்திரத்தை வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வராதே, நீ மட்டும் வா, டார்ச் ஓடுகிற தண்டவாளத்தில் ஒரு பக்கம் லேசாக ஆடுகிறது, அதை நீதான் சரிசெய்ய வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, உறங்கு, கோபம் வந்தால் அதையும் எழுதி அனுப்பு. நீண்ட ஆயுளோடு, நிறைந்த மூச்சோடு நீ நன்றாக இருக்க வேண்டும். துரு சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள், இது புத்திமதி இல்லை, கட்டளை. ஒரு நெஞ்சுக்குத் தொட்டி கட்டியதே போதும்.

இப்படிக்கு,
வெட்டுவதை நிறுத்தப்போவதில்லை என்று தெரிவித்துக்கொள்ளும்
உன் அம்மா

அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். வேகத்தைப் பற்றி நான் எழுதினேனா என்றும் கேட்டார்.