மூக்குக்கண்ணாடி வரைந்த இடம்

சாண்டில் கடற்கரை
மே 6, 1956

அன்புள்ள எனிட்,

உன் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லீட்ஸில் உன் வாத்தியக் குழு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி என் சிம்பொனியை வாசிக்கப்போகிறது என்று படித்ததும், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக அலமாரியில் கிடந்தது அது; பிரதியையும் வாசிப்பவர்களின் தாள்களையும் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நானே வந்து குழுவின் முன் நின்று நடத்த வேண்டும் என்கிறாய். கோடை முழுக்க இங்கே தினமும் மூன்று மணிக்கு நான் நடத்தும் கச்சேரி. முடிவில் நான் எழுதிய 'படகு வால்ட்ஸ்' நடன இசையைக் கேட்காமல் ஜனங்கள் எழுந்திருக்க மாட்டார்கள். நகரசபைக் கமிட்டி என்னை விடாது. நீ இந்த வீட்டை விட்டுப் போன வருஷமும் இதையேதான் சொன்னேன்.

இரண்டாம் பகுதியின் முடிவில் ஒரு நீண்ட நிறுத்தம் வரும். 'நிமிர்ந்து பார்' என்று நினைவூட்ட எல்லாருடைய தாளிலும் அங்கே வழக்கம்போல மூக்குக்கண்ணாடி வரையச் சொல். நடத்துகிறவரை நிமிர்ந்து பார்க்காமல் அதைத் தாண்ட முடியாது.

உன்,
ஹொரேஸ்

லீட்ஸ்
மே 11

அன்புள்ள ஹொரேஸுக்கு,

கண்ணாடி வரைந்தாயிற்று. எங்கள் ஹார்ன்காரர், கசாப்புக்கடை நார்மன், "நிமிர்ந்து பாருன்னா, உங்க வீட்டுக்காரர் அவ்வளவு அழகாம்மா?" என்கிறார். "வந்தா நீயே பாரு" என்றேன்.

விடாது, விடாது என்கிறீர்களே. கமிட்டியைக் கேட்டீர்களா?

எனிட்

சாண்டில்
ஜூலை 31

அன்புள்ள எனிட்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. சனிக்கிழமை வால்ட்ஸின் நடுவே இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். மனப்பாடம்தான், ஆனாலும் பக்கம் பார்த்துத்தான் நடத்துவேன், உனக்குத் தெரியும். நான் மெதுவாக்குகிறேன், அவர்கள் துள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு பிசிறு இல்லை. நல்ல கைதட்டல்.

முதல் வயலின் பிராம்வெல்லிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"தப்பா கை காட்டினேனே."

"அப்படியா? நாங்க யாரும் பார்க்கலியே."

"கண்ணாடி போட்ட இடத்துலகூடவா?"

"யுத்தம் முடிஞ்சதிலேர்ந்தே பார்க்கறதில்ல சார். பழகிப்போச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

இரண்டு நாள் யோசித்துவிட்டு, இன்று கமிட்டித் தலைவர் போகாக்கிடம் போனேன். "ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம் போயிட்டு வாங்க! இவர் லீவே கேட்க மாட்டாரான்னு நாங்களே பேசிக்குவோம்" என்று சிரித்தார்.

உன் கேள்விக்கு அதுதான் பதில். இந்த வேலையில் இருபத்தோரு வருஷம், எனிட். நான் கேட்கவே இல்லை.

பதினேழாம் தேதிக் காலை ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.

ஹொரேஸ்

சாண்டில் ஸ்டேஷன்
ஆகஸ்ட் 17

எனிட்,

9.40 ரயில் போய்விட்டது. போர்ட்டர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏறுங்க சார், ஏறுங்க" என்று மூன்று முறை சொன்னான். இங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அங்கே முப்பத்திரண்டு பேர் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் கால் எழவில்லை.

இப்போதே தபாலில் சேர்த்தால் நாளைக் காலை உனக்குக் கிடைத்துவிடும். நீயே நடத்து. மூன்று மணிக் கச்சேரிக்கு இன்னும் நேரமிருக்கிறது.

ஹொ.

லீட்ஸ்
ஆகஸ்ட் 19

அன்புள்ள ஹொரேஸுக்கு,

நான் நடத்தவில்லை. உங்கள் இடத்தைக் காலியாகவே விட்டோம். என் செல்லோவின் வில் அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்து எல்லாரும் வாசித்தார்கள். நன்றாகவே வந்தது.

கண்ணாடி வரைந்த இடம் வந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள், நார்மன்கூட. என்னை அல்ல, அந்தக் காலி இடத்தை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. பிறகு நான் தந்தியின் மேல் வில்லை வைத்தேன். மேலே வாசித்தோம்.

பிரதியையும் தாள்களையும் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பத்திரண்டு கண்ணாடிகளையும் ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனிட்