தபசுக்கு வந்தவள்

17.6.1974

வெயில் குறைந்தபாடில்லை. கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனதால் அந்த வகுப்புகளும் என் தலையில். சாயங்காலம் தங்கத்தாய் வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதல். பாளையங்கோட்டையில் பி.யூ.சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே எல்லாப் பாடமும் இங்கிலீஷ்; போவதற்குள் கொஞ்சம் சொல்லித்தரக் கேட்டாள். இங்கே நான் பிராணவாயு, கரியமிலவாயு என்றல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறேன்? தினமும் ஒரு மணி நேரம் வரச் சொன்னேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

29.6.74

சண்முகையா ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். தங்கத்தாயின் அப்பா; புளியங்குடி சந்தையில் பழ வியாபாரம். "எங்க தெருவுல காலேஜுக்குப் போற மொதப் பொட்டப்புள்ள, கனகமணி டீச்சரம்மா. பயமாத்தான் இருக்கு." தைரியம் சொல்லி அனுப்பினேன். எனக்கு யார் சொல்வார்கள்?

1.7.74

காலை பஸ்ஸில் போய்விட்டாள். இன்று பேசாமல் படுத்துக்கொள்ளப் போகிறேன்.

25.7.74

ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. நான் கோயிலுக்குள் போனதில்லை. ஆனால் இந்த ஊரில் என்னைப் போலத் தபசை நினைத்துப் பயப்படுகிறவர் வேறு யாரும் இருக்க முடியாது. புதிதாகக் காலேஜில் சேர்ந்த பிள்ளைகள் தபசு பார்க்க ஊருக்கு வருவார்கள். சிலர் திரும்பிப் போவதில்லை. சாப்பாடு சேரவில்லை என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். போன வருடம் காளிராஜ் அப்படித்தான் நின்றுகொண்டான். இப்போது ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறான்.

கர்த்தரே, இவளாவது போகட்டும்.

5.8.74

போகவில்லை.

சண்முகையா வாசலிலேயே நின்று சொன்னார்: "போவ மாட்டேங்கா டீச்சரம்மா. என்ன ஏதுன்னு கேட்டா அழுதா. குருவிகுளத்துல எந்தங்கச்சி மவனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காவ. பேசாம முடிச்சிரலாமான்னு பாக்கேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நான் வந்து பேசுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன்.

6.8.74

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். பாடம் புரியவில்லையா என்றேன். ஓரளவு புரிகிறதாம். ஹாஸ்டல்? அதுவும் பரவாயில்லையாம். பின்னே என்னதான்?

முதல் நாள் பெயர் வாசித்தபோது, இங்கே செய்வதைப் போலவே எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் அம்மா" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடி "பிரசன்ட் மிஸ்" என்பார்களாம். மறுநாளிலிருந்து பெயர் வாசித்தால் இவள் பேசுவதேயில்லை. தினமும் வகுப்பில் இருந்துகொண்டே ஆப்சென்ட்! வருகை போதாது, இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"பிரசன்ட்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதாட்டி?"

"தெரியும் டீச்சர். வாய் வர மாட்டேங்கு."

ஆக்சிஜன் சொல்லிக்கொடுத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு சொல்லிக்கொடுத்தேன். இதை யார் நினைத்தார்கள்?

10.8.74

லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டை போய்வந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

பெயர் வாசிக்கிற லெக்சரர் சின்னப் பெண். இவளைப் பார்த்ததும், "தெனமும் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்குமே, இந்தப் பொண்ணுதான் தங்கத்தாயா?" என்றாள். அந்தக் கூட்டத்தில் முகம் தெரிந்திருக்கிறது, பெயர் தெரியவில்லை.

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்களா?" என்று கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "பிரின்சிபால்கிட்ட நான் பேசுதேன். ஆனா திங்கக்கெழமை அவ வாயத் தொறந்து சொல்லணும்" என்றாள்.

தங்கத்தாயை ஹாஸ்டலில் விட்டு வந்தோம்.

12.8.74

பதினோராம் வகுப்பில் இன்றிலிருந்து "பிரசன்ட் மிஸ்" என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். ஒரே சிரிப்பு. சிரிக்கிறதை இங்கேயே சிரித்துத் தீர்க்கட்டும்.

அங்கே சொன்னாளோ, இல்லையோ.

15.8.74

கொடியேற்றினோம், மிட்டாய் கொடுத்தோம். பாளையங்கோட்டையிலிருந்து தகவல் இல்லை. ஊருக்கும் திரும்பி வரவில்லை. அதுவே போதும் என்று இருக்கிறேன்.

23.10.74

பூஜை லீவுக்குத் தங்கத்தாய் வந்திருக்கிறாள். பரீட்சை எழுதியிருக்கிறாள். கெமிஸ்ட்ரியில் பெயில், மற்றதெல்லாம் பாஸ். சொல்லும்போது அழவில்லை.

"அந்தத் திங்கக்கெழமை என்னட்டி ஆச்சு?"

"பிரசன்ட்னு சொல்லத்தான் நெனச்சேன் டீச்சர். எந்திரிச்சதும் 'உள்ளேன் அம்மா'ன்னுதான் வந்துச்சு."

"சிரிச்சாளுவளா?"

"சிரிச்சாளுவ. மிஸ் சிரிக்கல. குறிச்சுட்டு அடுத்த பேர வாசிச்சாவ. இப்பமும் நான் அப்படித்தான் சொல்லுதேன்."

மறுபடி ஒரு பை எலுமிச்சம்பழம். ஊறுகாய் போட இனி வீட்டில் ஜாடி இல்லை.

28.10.74

பள்ளி திறந்தாயிற்று. தங்கத்தாய் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாளாம். சண்முகையா சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் வகுப்பில் பெயர் வாசித்தேன். எல்லாரும் பிரசன்ட் மிஸ், பிரசன்ட் மிஸ். பத்து நாள் லீவில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, ஆவுடையம்மாள் மட்டும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு "உள்ளேன் அம்மா" என்றாள். நான் திட்டப் போகிறேன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

குறித்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.